மேலேயிருந்து மூன்று தட்டு

மேல் தரையில் டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு விழுந்ததும், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருந்த திரவியம் அப்படியே நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"கேட்டேளா?" என்றாள் பொன்னம்மை, அடுக்களையிலிருந்து.

"கேட்டேன்."

"எழுப்பியாச்சு."

"நான்தான் ஆஃப் பண்ணிட்டேனே பிள்ளே!"

"ஆஃப் பண்ணினா? அதுக்கு முன்ன அரை மணிக்கூறா மூளிச்சே, அதை ஆரு திரும்ப எடுப்பா? பாவம் அந்தப் பொண்ணு. பொறுத்துப் பொறுத்துப் பாத்திட்டு இப்ப தட்டுகா."

சொல்லி வைத்ததுபோல மாடியில் குழந்தை வீறிட்டது.

திரவியத்துக்கு வயது ஐம்பத்தேழு. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேனேஜர். காலை ஷிப்ட். வெந்நீர் வரவில்லை, பக்கத்து அறைக்காரர் குறட்டை விடுகிறார், தலையணை சப்பையாக இருக்கிறது என்று இருபத்தாறு வருஷமாக ஊரார் புகாரையெல்லாம் கேட்டு, "இப்ப சரியாக்கித் தாறேன் சாரே" என்று சிரித்த முகத்தோடு சொல்லிப் பழகியவர். அவர்மேல் ஒரு புகார் வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் வாய் திறந்து சொல்லாமல், தரையைத் தட்டிச் சொல்லும் புகார்.

பகல் இரண்டு மணிக்கு ஆரியசாலைக்குப் பின்புறமுள்ள வீட்டுக்கு வந்து, சோறு உண்டு கை கழுவியதும் அவர் வேறு ஆளாகிவிடுவார். நாலு மாதமாக ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தார். கடையில் வாங்கும் ஆம்ப்ளிஃபயரில் உயிர் இல்லை என்பது அவருடைய கட்சி. நாதஸ்வரம் கேட்டால் வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதும் கேட்க வேண்டும். அதற்கு ரெசிஸ்டரும் கபாசிட்டரும் நாமே பொறுக்கிப் போட வேண்டும். அவரும் பொறுக்கித்தான் போட்டார். ஆனால் சுவிட்சைப் போட்டால் மூச்சு கேட்கவில்லை. "உம்ம்ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது, டிப்போவில் புறப்படாமலேயே நிற்கிற பஸ் மாதிரி. புத்தகத்தில் அதற்கு 'ஹம்' என்று பெயர். பொன்னம்மை அதை மூளல் என்பாள்.

மூளலோடு சமாளித்துக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த மாடிக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் ஸ்மிதாவும் அபினும் குடி வந்துவிட்டார்கள். கூடவே ஆர்யாவும் வந்தாள். ஆர்யாவுக்கு நாலு மாதம் நடக்கிறது.

அபினுக்கு ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. ஸ்மிதாவும் அதே வேலைதான், இப்போது பிரசவ லீவில் வீட்டில் இருக்கிறாள். எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் இடித்துக்கொண்டு வரும். தினமும் காலையில் குழந்தையைக் கீழே கொண்டுவந்து பொன்னம்மையின் மடியில் போட்டுவிடுவாள். பொன்னம்மை எண்ணெய் தேய்த்து, கை காலை நீவி, குளிப்பாட்டிக் கொடுப்பாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடைய நாள். மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் அதைப் பற்றிப் பேசுவதற்கு. திரவியமும் சாதாரணப்பட்டவர் இல்லை. குழந்தை அவர் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டதை லாட்ஜில் ரூம் சாவி வாங்க வந்தவரிடமெல்லாம் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் சமாதானத்துக்காகப் பொன்னம்மை ஒரு தட்டு முந்திரிக்கொத்தோடு மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் சரியாக இல்லை.

"என்ன சொன்னா?" என்றார் திரவியம்.

"ஒண்ணும் சொல்லல்ல. சிரிச்சா."

"பின்னே?"

"அந்தச் சிரிப்பைத்தான் சொல்லுகேன். 'ஆன்ட்டி, அங்கிள் நாளைக்கும் அந்த மெஷின் போடுவாரா? எத்தர மணிக்குப் போடுவாரு?'ன்னு கேக்கா. குத்திக் காட்டுகா பாருங்கோ, எவ்வளவு மரியாதையா!"

திரவியம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"இன்னும் கேளுங்கோ. அபின் கழக்கூட்டத்துல ஃப்ளாட் பாக்கானாம்."

"ஆபீசுக்குப் பக்கம்னு பாப்பான்."

"ரெண்டு மாசமா தூரமா இல்லாத ஆபீசு இப்பத்தான் தூரமாச்சா?" பொன்னம்மை தட்டை மேசைமேல் வைத்த சத்தத்தில் சால்டரிங் அயர்ன் ஸ்டாண்டிலிருந்து உருண்டது. "அந்தப் பிள்ளை மட்டும் இந்த வீட்டை விட்டுப் போச்சுன்னா, உங்க மெஷினை நான் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருவேன். சொல்லிட்டேன்."

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்ததும் திரவியம் நேரே சாலை பஜாருக்குப் போனார். அங்கே ஒரு சந்தில் ஸ்ரீகுமார் எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருக்கிறார். இரண்டு ஆள் நின்றால் நிறைந்துவிடும் கடை. சுவர் முழுக்கத் தீப்பெட்டி அளவில் டிராயர்கள்.

"மூளுதா?" என்றார் ஸ்ரீகுமார், வைத்தியர் நாடி பிடிக்கிற தோரணையில். "ரெசிஸ்டர் எங்கேருந்து போட்டீங்க சாரே?"

"பழைய ரேடியோவுலேருந்து கழத்தினது."

"கபாசிட்டர்?"

"பழைய டி.வி."

ஸ்ரீகுமார் கண்ணை மூடித் திறந்தார். "சாரே, நீங்க ஆம்ப்ளிஃபயர் செய்யல்ல. வயசானவங்களுக்கு ஒரு விடுதி நடத்துறீங்க. முதல்ல ரெசிஸ்டர் எல்லாம் புதுசு போடுங்க. அதுக்கும் கேக்கல்லன்னா கபாசிட்டரை மாத்தலாம்."

ரெசிஸ்டரைக் கலர் பட்டை பார்த்து வாங்க வேண்டும் என்பது திரவியத்துக்குத் தெரியும். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தச் சாமானின்மேல் எண்ணுக்குப் பதில் நிறத்தை எழுதி வைத்திருப்பார்கள். சிவப்பு என்றால் இரண்டு, ஆரஞ்சு என்றால் மூன்று, மஞ்சள் என்றால் நாலு. அவருக்கு வேண்டியது சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு. அதாவது இரண்டு, இரண்டு, அதன்பின் மூன்று பூஜ்யம்: இருபத்திரண்டாயிரம், கடைக்கணக்கில் இருபத்திரண்டு கே. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கடையின் மங்கல் பல்பு வெளிச்சத்தில் அவரே டிராயரிலிருந்து பொறுக்கினார். ஸ்ரீகுமார் மீட்டரை எடுக்கப் போனபோது, "வேண்டாம், எனக்குக் கண்ணு நல்லா தெரியும்" என்று தடுத்துவிட்டார்.

மூன்று மணிக்குப் பற்றவைத்து முடித்து, சுவிட்சைப் போட்டார்.

மூளல் போகவில்லை. வளர்ந்திருந்தது. முன்பு புறப்படாமல் நின்ற பஸ் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஸ்பீக்கர் நடுங்கியது. அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஒரு கரண்டி ஆணியிலிருந்து கழன்று விழுந்தது.

"அணைங்கோ!" என்று பொன்னம்மை காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

பதறிப்போய் சுவிட்சுக்குப் பதிலாக முதலில் ஃபேனை அணைத்து, பிறகு லைட்டை அணைத்து, கடைசியில் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். வீடு கப்சிப்பென்று ஆனது.

டொக், டொக், டொக். டொக், டொக், டொக்.

"இன்னைக்கு ஆறு," என்றாள் பொன்னம்மை.

மூடியைத் திறந்து பார்த்ததும் பொன்னம்மைதான் கண்டுபிடித்தாள். "ஆரஞ்சுன்னு சொன்னேளே, இது மஞ்சளாக்கும்."

"ஆரஞ்சு."

"மஞ்சள். நல்ல மாம்பழ மஞ்சள். உங்க அம்மை நம்ம கல்யாணத்துக்கு ஆரஞ்சுன்னு சொல்லி ஒரு பட்டுச்சேலை எடுத்தாளே, அதே மஞ்சள். குடும்பத்துலயே ஆருக்கும் ஆரஞ்சு தெரியாது."

இருபத்திரண்டு போட வேண்டிய இடத்தில் இருநூற்றிருபது போட்டிருந்தார். சத்தத்தைப் பத்து மடங்கு ஊதிப் பெருக்குகிற காரியத்தை அவர் கையாலேயே செய்திருந்தார்.

பழைய ரெசிஸ்டர்களையே திரும்ப வைத்தார். அடுத்த நாள் கபாசிட்டர். ஸ்ரீகுமார் புதிதாக இரண்டு கொடுத்தார். சின்ன மிளகாய்ப்பொடி டப்பா மாதிரி தடித்த உருளைகள். "கரண்டு ஓட்டத்துல ஏத்த இறக்கம் இல்லாம இது தேக்கி வச்சு அனுப்பும் சாரே. மூளல் நிக்கும். ஆனா தலைகீழா மட்டும் மாட்டிராதீங்க. பிளஸ் எது மைனஸ் எதுன்னு பாத்து மாட்டணும். பக்கத்துல வெள்ளைக் கோடு போட்டிருக்கு, கண்டேளா?"

"கண்டேன், கண்டேன்," என்றார் திரவியம். கோட்டைத்தான் கண்டார். அது எதைக் காட்டுகிற கோடு என்று கேட்கவில்லை. இத்தனை சிரத்தையாகக் கோடு போட்டிருக்கிறார்கள் என்றால் அது பிளஸாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்துக்கொண்டார்.

அது மைனஸ்.

சுவிட்சைப் போட்டபோது மூளல் வழக்கம்போலத் தொடங்கியது. ஒரு நிமிஷம் கழிந்தது. ஒன்றரை நிமிஷம். "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இல்லையா?" என்று திரவியம் திரும்பிக் கேட்ட அதே நொடியில் டமார் என்று ஒன்று வெடித்தது. தகரத் தொப்பி ஒன்று பறந்து காலண்டரில் பட்டது. அறை முழுக்க வெள்ளைப் புகையும் சிறு சிறு காகிதத் துணுக்கும். ஃப்யூஸ் போய், மூளல் சட்டென்று நின்றது. அழுகின மீனைச் சாம்பிராணியில் புகைத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வாடை.

பொன்னம்மையின் தலையில் ஒரு துணுக்கு பூ மாதிரி உட்கார்ந்திருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கூரையைத்தான் பார்த்தாள்.

டொக் டொக் டொக் டொக் டொக் டொக் டொக்.

"எண்ணாண்டாம்," என்றார் திரவியம்.

"பிள்ளை பயந்து துள்ளியிருக்கும்," என்றாள் அவள். "இனி அவ்வளவுதான். பெட்டி கட்டியிருவா."

அதற்குப் பிறகு திரவியம் ஆம்ப்ளிஃபயரைத் தொடவில்லை. வியாழனும் வெள்ளியும் அது மேசைமேல் துணி மூடிக் கிடந்தது. மூன்று மணிக்கு வீடு சத்தமில்லாமல் இருந்தது. அவர் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார்.

டொக், டொக், டொக்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் ஒண்ணும் தொடல்லியே!" என்றார் திரவியம், திருட்டில் அகப்பட்டவர் மாதிரி.

"ஃபிரிட்ஜாக்கும். அதுவும் மூளுகே."

ஃபிரிட்ஜை அணைத்தார்கள். கால் மணி கழித்து மறுபடியும் தட்டு. கீச்சென்று சுற்றுகிற ஃபேனை அணைத்தார்கள். வியர்த்து வழிந்தது. மறுபடியும் தட்டு. மோட்டார் போடவில்லை. மிக்ஸி போடவில்லை. பொன்னம்மை பூனை மாதிரி நுனிக்காலில் நடந்து அடுக்களைக்குப் போனாள். மறுபடியும் தட்டு.

"இனி நான் மெட்டியையும் கழத்தணுமா?" என்று கிசுகிசுத்தாள்.

சாயங்காலம் ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் திரைந்து, மாவு பொங்கிப் பக்கத்துத் தட்டு வரைக்கும் போயிருந்தது. ஆனால் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று காலையில் எண்ணெய் தேய்க்க வந்த ஆர்யா சிணுங்கிக்கொண்டே இருந்ததும், ஸ்மிதாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்டிருந்ததும்தான் அவள் மனசில் நின்றது.

"ரெண்டு நாளா பகல்ல உறக்கமே இல்ல ஆன்ட்டி," என்றிருக்கிறாள் ஸ்மிதா, கொட்டாவியோடு. "அங்கிளுக்கு மெஷின் கேடாச்சா? எப்ப சரியாவும்?"

இதைக் கேட்டதும் திரவியம் ஆம்ப்ளிஃபயரை மூடியிருந்த துணியை எடுத்தார். "சரியாக்கிரணும் பிள்ளே. அந்தப் பொண்ணே சொல்லியாச்சு. லாட்ஜுல ஆயிரம் பேருக்குச் சொல்லுகேன், என் வீட்டுல ஒருத்திக்குச் சொல்ல முடியல்லன்னா பின்ன என்ன மேனேஜர் நான்? நல்ல சாமானா, ஒண்ணொண்ணாப் பாத்துப் பொறுக்கி, ஒரு பொட்டு மூளல் இல்லாம சரியாக்கிரணும்."

"நானும் வாறேன்," என்றாள் பொன்னம்மை.

சனிக்கிழமை இருவருமாக ஸ்ரீகுமார் கடைக்குப் போனார்கள். வெடித்த கதையைக் கேட்டதும் ஸ்ரீகுமார் சிரிக்காமலிருக்க முதுகைக் காட்டிக்கொண்டு டிராயரைத் தேடினார். இந்தத் தடவை கார்பன் வேண்டாம், மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் எடுங்கள், சூட்டிலும் சொன்ன அளவில் நிற்கும், தானாக இரைச்சல் போடாது என்றார். நீல நிற உடம்பில் அஞ்சு பட்டை; இதில் நாலாவது பட்டை சிவப்பு என்றால் இருபத்திரண்டு கே, ஆரஞ்சு என்றால் இருநூற்றிருபது கே. ஆனால் ஒரு டிராயரில் இருபத்திரண்டு கேயும் இருநூற்றிருபது கேயும் கலந்து கிடந்தன.

"மீட்டர் வச்சுப் பாத்துத் தாறேன், கொஞ்சம் நேரம் பிடிக்கும்," என்றார் ஸ்ரீகுமார்.

"என்னத்துக்கு மீட்டரு?" பொன்னம்மை டிராயரைத் தன் பக்கம் இழுத்து, புளியில் கொட்டை பொறுக்குகிற வேகத்தில் இரண்டு குவியலாகப் பிரித்தாள். "நாலாவது பட்டை இதுல குங்குமச் சிவப்பு. இதுல கனகாம்பரம். எது வேணும்?"

ஸ்ரீகுமார் சந்தேகத்தோடு மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, பதினைந்து. ஒன்றுகூடத் தப்பில்லை. மீட்டரை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "சாரே, இனி நீங்க தனியா வராதீங்க," என்றார்.

கபாசிட்டரும் அவளே வாங்கினாள். மேலே தடவிப் பார்த்தாள். தலை உப்பியிருந்த ஒன்றை, "இது பழசு, வயிறு ஊதியிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். வோல்ட் அளவு வேண்டியதற்கு மேல் தாராளமாக இருக்கிறதா என்று கேட்டாள். வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் என்று மூன்று தடவை கேட்டு, பேனாவால் தன் உள்ளங்கையில் 'கோடு = மைனஸ்' என்று எழுதிக்கொண்டாள். திரவியம் பை பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அபின் பைக்கை எடுத்தான். பொன்னம்மை கேட்டருகே நின்று, "எங்கே மக்கா, ஞாயிற்றுக்கிழமையும்?" என்று கேட்டாள்.

"கழக்கூட்டம் வரைக்கும் ஆன்ட்டி. ஒரு ஆளைக் காணணும்."

அவள் உள்ளே ஓடிவந்தாள். "ஃப்ளாட் பாக்கப் போயிட்டான். சட்டுனு முடியுங்கோ!"

மத்தியானம் வரை இருவரும் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் நிறம் பார்த்து எடுத்துக் கொடுத்தாள், அவர் பற்றவைத்தார். ஒவ்வொரு கபாசிட்டருக்கும் அவள் உள்ளங்கையை நீட்டினாள், அவர் படித்துவிட்டு மாட்டினார். இருபத்தொன்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து சண்டையில்லாமல் செய்த முதல் வேலை இதுவாகத்தான் இருக்கும்.

மூன்று மணி. திரவியம் கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

ஒன்றுமே இல்லை.

முதலில் ஃப்யூஸ் போய்விட்டது என்றுதான் நினைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரின் மேல் காதை வைத்தார். மூளல் இல்லை. இரைச்சல் இல்லை. பொன்னம்மையும் மறுபக்கம் காதை வைத்தாள். ஸ்பீக்கருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

நாதஸ்வரத்தை மெதுவாக வைத்தார். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்டது.

"கேட்டியா?" என்றார் திரவியம். கண் கலங்கிவிட்டது.

"கேட்டேன்," என்றாள் அவளும். நாலு மாதத்தில் முதன்முறையாக அவள் அந்தப் பெட்டியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

டொக்!

இருவரும் விறைத்தார்கள்.

டொக் டொக் டொக் டொக்! தரையை இடித்துத் துளை போடுகிற மாதிரி. பிறகு குழந்தையின் அழுகை. அதோடு மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். கதவு தட்டாமலேயே திறந்தது.

ஸ்மிதா நின்றாள். தலைமுடி கலைந்திருந்தது. ஒரு கையில் மாப் கட்டை, மறு தோளில் முகம் சிவந்து கத்துகிற ஆர்யா. நேராக ஸ்பீக்கரின் முன்னால் வந்து நின்று, குனிந்து காது கொடுத்தாள். அவள் முகம் விழுந்தது.

"போச்சா?" என்றாள்.

"போச்சு மோளே! சுத்தமாப் போச்சு!" பொன்னம்மை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனி ஒரு பொட்டு சத்தம் வராது, சத்தியம். நாங்க ரெண்டு பேருமா சேந்து சரியாக்கியாச்சு. வீட்டை மட்டும் மாத்தாண்டாம். இந்தப் பிள்ளையைக் காணாம எனக்கு..."

"வீட்டை மாத்துறதா?" ஸ்மிதா திகைத்தாள். "ஐயோ ஆன்ட்டி, இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்னு நானில்லே அபின்கிட்ட தினம் சண்டை!"

திரவியம் ஒன்றும் புரியாமல் மாப் கட்டையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"அப்போ மேலேருந்து தட்டினது?"

"அந்த மூளல் கேட்டாத்தான் அங்கிள் இவ உறங்குவா," என்று ஸ்மிதா அழாக்குறையாகச் சொன்னாள், "நீங்க ஒவ்வொரு தடவை ஆஃப் பண்ணும்போதும், 'நிறுத்தாதீங்கோ, திரும்பப் போடுங்கோ'ன்னல்லே நான் தட்டினது!"